அம்மாள் வந்த வீட்டில் முதல் 24 மணி நேரம்

மலையகத் தோட்டத்தில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். "அம்மா போட்டிருக்கு" என்று அடுத்த காம்பராக்காரரே சொல்லிவிடுவார். வேம்பு இந்தக் குளிரில் லேசில் வளராது. ஆனாலும் கீழே போய்வரும் லொறிக்காரர் யாரிடமாவது சொல்லி ஒரு கொத்து வந்து சேர்ந்துவிடும். அன்று முதல் அந்த வீட்டில் தாளிப்பு இல்லை, கவிச்சி இல்லை. வெளியாள் உள்ளே வருவதில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை நோயாளி இஸ்தோப்பைத் தாண்டுவதில்லை.

இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. தனியாக இரு, ஓய்வெடு, நீராகாரம் நிறையக் குடி என்றுதான் டொக்டரும் சொல்கிறார். சிங்கள அயலவர்களும் 'தெய்யங்கே லெட', தெய்வத்தின் நோய், என்று சொல்லி வேப்பிலை விரித்துத்தான் படுக்க வைக்கிறார்கள். குறை இரண்டு இடத்தில் இருக்கிறது. வாசலில் வேப்பிலை ஏறும் நேரத்தில் தொற்று ஏற்கெனவே வீட்டைவிட்டு வெளியேறியிருக்கும். அதைவிடப் பெரிய குறை, அம்மாள் இறங்கிய உடம்புக்கு இங்கிலீஷ் மருந்து ஆகாது என்ற கட்டு. கொப்புளிப்பான் என்ற இந்த நோய்க்கு மருந்து உண்டு. அந்த மருந்துக்கு ஒரு நேரக் கணக்கும் உண்டு.

அம்மன் வழிபாட்டுக்கு மலையகத்தில் ஆழமான காரணம் இருக்கிறது. மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து மலையேறிய கூலிச் சனத்தை வாந்திபேதியும் பெரியம்மையும் வழி நெடுக வாரிக்கொண்டு போயின. உயிர் தப்பி வந்தவர்கள் மாத்தளையில் முத்துமாரியைக் கும்பிட்டார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் அவளுக்குக் கோயில் கட்டினார்கள். பின்னாளில் மண்டபம் கேம்பில் ஆட்களை மறித்து அம்மைக் குத்து குத்தித்தான் கப்பலேற்றினார்கள். அந்தப் பெரியம்மை இப்போது உலகத்திலேயே இல்லை. ஒழிந்துவிட்டது என்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பெரியம்மைக்கு மருந்து இல்லாத காலத்து விதிகளைத்தான் இன்று கொப்புளிப்பானுக்கு எடுத்து வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டுப் புத்தகங்கள் சின்னம்மை என்று எழுதுவதும் இதே நோயைத்தான்.

இதைக் கொண்டுவருவது வரிசெல்லா சொஸ்டர் என்ற வைரஸ். நோயாளியின் மூச்சிலும் தும்மலிலும் கொப்புளத்து நீரிலும் இருக்கும் கிருமி காற்றில் கலந்து அடுத்தவர் மூக்கு வழியே இறங்குகிறது. கொப்புளத்தைத் தொட்டாலும் தொற்றும். உள்ளே போன பிறகு 10 முதல் 21 நாள்வரை ஒரு சத்தமும் இராது. பெரும்பாலும் இரண்டு வாரம். பிறகு காய்ச்சல், உடம்பு உளைச்சல், முகத்திலும் நெஞ்சிலும் முதுகிலும் சிவந்த பொட்டுகள். அதே நாளில் அவை நீர் கோத்த முத்துகளாகும். ஒரு பக்கம் பழைய முத்து காய, இன்னொரு பக்கம் புதியது கிளம்பும்.

கவனிக்க வேண்டியது இதுதான்: முதல் பொட்டு தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே நோயாளி கிருமியைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை அது தொடரும். ஆக, பிள்ளை மடுவத்தில் ஒரு குழந்தைக்கு முத்து கண்டுபிடிக்கும்போது, முந்தின இரண்டு நாள் அதனோடு விளையாடிய அத்தனை பிள்ளைக்கும் கிருமி போய்ச் சேர்ந்திருக்கலாம். காய்ந்து உதிரும் பொருக்கால் தொற்றாது. நம் சனம் பயப்படுவதோ அந்தப் பொருக்கைப் பார்த்துத்தான்.

ஒரே வீட்டில் இருப்பவர்களில் இந்த நோய் முன்பு வராதவர்கள் பத்துப் பேர் என்றால் ஒன்பது பேருக்கும் தொற்றக்கூடும். இது பொதுவான உலகக் கணக்கு. லயத்துக் கணக்கு இன்னும் கஷ்டம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்று, முன்னால் இஸ்தோப்பு, புகை மண்டிய குசினி. இஸ்தோப்பை அடைத்து இன்னொரு அறையாக்கியிருப்பார்கள். அதில் கல்யாணமான மகன் குடும்பம். குளிருக்குப் பயந்து சன்னலுக்குச் சாக்கு. பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் நடுவே உள்ள சுவர் பல லயங்களில் கூரைவரை போவதில்லை. இதில் 'தனி அறையில் வையுங்கள்' என்று துண்டுப்பிரசுரம் அடித்துக் கொடுப்பவர்கள் ஒருநாள் வந்து அந்த அறையைக் காட்டிவிட்டுப் போகலாம்.

தனி அறை இல்லாத வீட்டில் செய்யக்கூடியது வேறு. பகலில் சாக்கை எடுத்துச் சன்னலைத் திறந்து வைப்பது முதல் வேலை. காற்று ஓடினால் கிருமியின் அடர்த்தி குறையும். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை ஏற்கெனவே அம்மை கண்டவர் ஒருவர் எடுத்துக்கொள்வது நல்லது. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவது அபூர்வம். அம்மை காணாத கர்ப்பிணியை வேறு வீட்டுக்கு அனுப்புவதானால் ஒன்றை யோசிக்க வேண்டும். அவருக்கும் கிருமி ஏற்கெனவே போயிருந்தால், தொடர்பு ஏற்பட்ட எட்டாம் நாளிலிருந்து இருபத்தோராம் நாள்வரை அவரும் பரப்பக்கூடும் என்று கணக்கில் எடுப்பதே பாதுகாப்பு. கைக்குழந்தையோ இன்னொரு கர்ப்பிணியோ இருக்கும் வீட்டுக்கு அவரை அனுப்பினால், பிரச்சினையை அங்கே கொண்டுபோய் இறக்கியதாகிவிடும்.

"சின்னதிலேயே எல்லாத்துக்கும் ஒரேயடியா வந்துட்டுப் போகட்டும்" என்று நோய் கண்ட பிள்ளையோடு மற்றப் பிள்ளைகளைப் படுக்க வைக்கும் பெற்றோர் உண்டு. பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் லேசாகத்தான் கடந்துபோகும், அது உண்மை. ஆனால் எந்தப் பிள்ளைக்குக் கடுமையாகும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. அதே காம்பராவில் படுக்கும் சித்தப்பாவுக்கும் வயிற்றுப்பிள்ளையோடு இருக்கும் அண்ணிக்கும் சேர்த்துத்தான் அந்தப் பெற்றோர் நோயைக் கொடுக்கிறார்கள்.

வளர்ந்தவர்களைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். குளிர் நாடுகளில் ஏறத்தாழ எல்லோருக்கும் பள்ளி வயதிலேயே வந்துபோய்விடும் இந்த நோய், வெப்பமண்டல நாடுகளில் பலருக்கு இளைஞராகும்வரை வருவதில்லை. இலங்கையும் அப்படித்தான். அதனால் இருபது, முப்பது வயதில் முதல்முறை அம்மை காண்பவர்கள் நம்மிடம் அதிகம். கொழும்பில் கடையில் வேலை செய்யும் பையன் தீபாவளிக்கு ஊருக்கு வந்து, வந்த மூன்றாம் நாள் படுப்பான். இரண்டு வாரம் கழித்து வீட்டில் அடுத்தவர். பெரியவர்களுக்குக் காய்ச்சலும் கடுமை, முத்தும் அதிகம். நுரையீரலில் இறங்கி நியுமோனியா ஆகும் ஆபத்தும் பிள்ளைகளைவிடப் பல மடங்கு. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த ஆபத்து இன்னும் கூடுதல். முத்து போட்ட சில நாளில் இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் அதைக் குளிர் என்று நினைத்துக் கம்பளியைப் போர்த்திப் படுக்கக் கூடாது.

இப்போது அந்த நேரக் கணக்கு. அசைக்ளோவிர் என்ற மாத்திரை வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. முதல் பொட்டு தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். வேப்பிலை தேடி, கோயில் பூசாரியிடம் கேட்டு, மூன்றாம் தண்ணீர் ஊற்றியபின் பார்க்கலாம் என்று போனால் மாத்திரைக்கு அங்கே அதிக வேலை இராது. சுகதேகியான சிறு பிள்ளைக்கு டொக்டர் இதைத் தராமல் விடலாம், தேவையில்லை என்பதால்தான். பெரியவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாவுக்கோ வேறு நோய்க்கோ ஸ்டீரொய்ட் மாத்திரை குடிப்பவர்கள், புற்றுநோய்க்கு மருந்தெடுப்பவர்கள் ஆகியோர் பொட்டைக் கண்ட அன்றே போக வேண்டியவர்கள்.

மாத்திரையை வாங்கிய பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. வளர்ந்தவருக்கு வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். கையில் கிடைப்பது 200 மில்லிகிராம் மாத்திரை என்றால் வேளைக்கு நான்கு, நாளைக்கு இருபது, மொத்தம் 140. பை நிறைய மாத்திரையைப் பார்த்ததும் 'இவ்வளவா, எழுதினவர் பிழையாக எழுதிட்டார்' என்று காலையும் இரவும் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு மிச்சத்தை அலமாரியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். பிழையில்லை, அவ்வளவும் குடிக்கத்தான். காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை ஏறத்தாழ நான்கு மணிக்கொரு தடவை, நிறையத் தண்ணீரோடு. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் அளவு மாறும். அதை டொக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

காய்ச்சலுக்குப் பனடோல் போதும். ஆஸ்பிரின், டிஸ்பிரின் கூடவே கூடாது. அம்மை கண்ட பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் ஈரலையும் தாக்கும் 'ரேய்' என்ற அபாயமான நிலை வரலாம். இபுபுரூபெனும் வேண்டாம், தோல் புண் மோசமாவதோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. அரிப்புக்குக் கலமைன் லோஷன் பூசலாம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், ஏனென்றால் பிள்ளைகளுக்கு அதிகம் வரும் சிக்கல் சொறிந்த இடத்தில் சீழ் பிடிப்பதுதான்.

வேப்பிலையால் தடவிக்கொடுப்பதில் தீங்கில்லை. உடைந்த கொப்புளத்தில் மஞ்சளையும் சாம்பலையும் அப்புவதில்தான் தீங்கு. குளிக்காமலே இருப்பதும் அப்படித்தான். இளஞ்சூட்டு நீரில் மெதுவாகக் கழுவித் துணியால் ஒற்றி எடுத்தால் சீழ் பிடிப்பது குறையும். மூன்றாம் தண்ணீர், ஐந்தாம் தண்ணீரை அதன் நாளில் ஊற்றிக்கொள்ளுங்கள், அதை யாரும் தடுக்கவில்லை. பத்தியம் என்று பிள்ளையைக் கஞ்சியோடு மட்டும் வாரக்கணக்கில் வைக்காதீர்கள். சத்துக் குறைந்த பிள்ளைகள் ஏற்கெனவே அதிகமுள்ள இடம் இது. வாய்க்குள்ளும் முத்து போட்டிருந்தால் உறைப்பு ஆகாது, அவ்வளவுதான். பருப்பும் சோறும் முட்டையும் ஆகும்.

கர்ப்பிணிகளின் விஷயத்தில் மூன்று கட்டம் உண்டு. முதல் இருபது வாரத்துக்குள் தாய்க்கு அம்மை வந்தால், ஏறத்தாழ நூற்றில் ஒன்று அல்லது இரண்டு குழந்தைகளுக்குக் கை கால் வளர்ச்சி, கண், மூளை பாதிக்கப்படலாம். எண்ணிக்கை சிறியது, ஆகவே பயந்து கருவைக் கலைக்க ஓட வேண்டாம். கிளினிக்கில் சொல்லி ஸ்கேன் பார்த்துக்கொள்ள வேண்டும். பிந்திய மாதங்களில் ஆபத்து அதிகம் தாய்க்கு. நியுமோனியா இறங்குவது அப்போதுதான் மோசமாகிறது. மூன்றாவது கட்டம் பிரசவத்தை ஒட்டிய நாட்கள். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்புவரை தாய்க்கு முத்து போட்டால், தாயின் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்குப் போய்ச்சேர அவகாசம் இருக்காது. சிகிச்சை இல்லாவிட்டால் அந்தப் பச்சைக் குழந்தைகளில் நூற்றுக்கு முப்பது வரை இறந்ததாகப் பழைய கணக்குகள் சொல்கின்றன. எதிர்ப்புப் புரத ஊசியும் அசைக்ளோவிரும் கொடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். ஆனால் பிரசவ வார்டில் உள்ளவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

தெரிவதில்லை என்பதுதான் பெரிய சோகம். வீட்டில் மூத்த பிள்ளைக்கு அம்மை என்றால், அம்மாளைப் பற்றி ஆஸ்பத்திரியில் வாய் திறக்கக் கூடாது என்று மாமியார் சொல்லி அனுப்புவார். மருமகளும் சொல்லமாட்டாள். நீங்கள் கர்ப்பிணி, உங்களுக்கு முன்பு அம்மை வந்த நினைவில்லை, வீட்டிலோ பக்கத்துக் காம்பராவிலோ ஒருவருக்கு முத்து போட்டிருக்கிறது என்றால், உங்களுக்கு ஒரு பொட்டும் இல்லாதபோதே, அன்றே தோட்டத்து மிட்வைஃபிடம் சொல்லுங்கள். எதிர்ப்புப் புரத ஊசி பத்து நாளுக்குள் போட்டால்தான் உதவும். இரத்தம் சோதித்து அது தேவையா என்று முடிவெடுக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவகாசம் வேண்டும். கிளினிக் நாளன்று மற்றக் கர்ப்பிணிகளோடு வாங்கில் போய் உட்காராமல், முதலில் தகவல் சொல்லிவிட்டுப் போனால் அவர்களும் தப்புவார்கள்.

எப்போது வீட்டில் காத்திருக்கக் கூடாது? மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால். பிள்ளை தள்ளாடி நடந்தால், எழுப்ப முடியாதபடி தூங்கினால், பிதற்றினால், விடாமல் வாந்தி எடுத்தால். இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறினாலோ முத்தைச் சுற்றித் தோல் சிவந்து வீங்கிக் கொதித்தாலோ, முத்துக்குள் இரத்தம் கட்டினாலோ. இவற்றுக்கு மருந்து தோட்ட டிஸ்பென்சரியில் இல்லை. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990களில் தொடங்கி இன்னும் முடிந்தபாடில்லை. பல இடங்களில் இருப்பவர் தோட்ட வைத்திய உதவியாளர், அதாவது ஈ.எம்.ஏ. அவர் எழுதித் தரட்டும் என்று காத்திருக்க வேண்டிய சட்டம் ஒன்றும் இல்லை. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ யாரும் நேரே போகலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. கொழுந்து லொறியில் ஏற்றிப் போவதானால் லொறி மேல்மலைக்குப் போய்த் திரும்பும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். மருந்து கையிருப்பில் இல்லாதபோது வெளியே வாங்கத் துண்டு எழுதித் தருவார்கள். அப்போது வேறு எந்த அரச வைத்தியசாலையில் இருக்கும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தமிழில் விளக்கம் கேட்கவும் உரிமை உண்டு. தமிழில் அரசோடு தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயமே தருகிறது. 140 மாத்திரைக்கான உறையில் சிங்களத்தில் எழுதியிருப்பதைத் தலையாட்டிவிட்டு வாங்கி வராதீர்கள், "எத்தனை, எத்தனை தரம்?" என்று தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

கொப்புளிப்பான் இலங்கையில் அறிவிக்கப்பட வேண்டிய நோய். 1897ஆம் ஆண்டின் தொற்றுத்தடை, நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நோயாளியைப் பார்க்கும் வைத்தியர் சுகாதாரப் படிவம் 544ஐ நிரப்பி அந்தப் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும், அங்கிருந்து பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து விசாரிக்க வேண்டும். யாரையும் பிடித்துக்கொண்டு போவதற்காக அவர் வரமாட்டார். எந்த லயத்தில் கர்ப்பிணி இருக்கிறார், பிள்ளை மடுவத்தில் எத்தனை பேர் என்று பார்ப்பதற்காகத்தான் வருகிறார். டொக்டரிடமே யாரும் போகாவிட்டால் படிவம் ஏது, பி.எச்.ஐ. ஏது? ஒரு லயத்தில் இரண்டு மூன்று வீட்டில் முத்து கண்டால், மஸ்கெலியா, பொகவந்தலாவை, லிந்துலை என்று உங்கள் பகுதிப் பணிமனைக்கு, தலைவரோ ஆசிரியரோ நேரடியாகவே தகவல் சொல்லலாம்.

வேலை விஷயம் சிக்கலானது. மாதச் சம்பளக்காரர் லீவு எழுதிக் கொடுக்கலாம். மலையில் கொழுந்து எடுப்பவருக்குப் பேர் விழுந்தால்தான் காசு. ஒரு காம்பராவில் மூன்று பிள்ளைக்கு ஒருவர் பின் ஒருவராக வந்தால், இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று என்று தாய்க்கு ஒன்றரை மாதம் இழுபடும். அதனால்தான் முத்து முழுதும் காயாமலே பெரட்டுக்குப் போகிறார்கள். பிள்ளையையும் மடுவத்தில் விடுகிறார்கள். அவர்களைத் திட்டுவதில் நியாயமில்லை, நோய்க்கால நாட்களுக்குச் சம்பளம் கேட்பது தொழிற்சங்கங்களின் வேலை. தனியாள் செய்யக்கூடியது, முதல் நாளே வைத்தியச் சான்றிதழ் வாங்கிக் கணக்கப்பிள்ளையிடமோ அலுவலகத்திலோ கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு பிரதி வைத்துக்கொள்வது. சொல்லாமல் நின்றார் என்று பேரை வெட்டி வேலையை நிறுத்தினால் தொழில் திணைக்களத்தில் முறையிடவும், ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய மன்றத்துக்குப் போகவும் அந்தத் துண்டுதான் கைகொடுக்கும்.

பரீட்சை நேரத்தில் வந்தால் பிள்ளையின் ஒரு வருடம் போய்விட்டது என்று வீடே அழும். அழத் தேவையில்லை. அம்மை கண்ட மாணவரைத் தனியாக இருத்தி எழுத வைப்பதற்கு வழி உண்டு. அதிபருக்கு உடனே சொல்லி, 1911 என்ற பரீட்சைத் திணைக்கள இலக்கத்திலும் பேச வேண்டும். மறைத்து மண்டபத்தில் கொண்டுபோய் இருத்தினால் அடுத்த மேசைப் பிள்ளைக்கும் அதே கதிதான்.

அக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்மை மாறியபின் அதே வைரஸ் நரம்பு வேரில் ஒளிந்திருந்து, வயதான பிறகு உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை போலக் கொப்புளமாக எழும்பும். காவிக்கல் உரைத்து அக்கி எழுதினால் வலி போகாது. 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் குறையும். கண்ணை ஒட்டி வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. தாத்தாவுக்கு அக்கி என்றால் அந்தக் கொப்புளத்திலிருந்து பேத்திக்கு அம்மை தொற்றலாம். துணியால் மூடி வைக்க வேண்டும்.

கடைசியாகத் தடுப்பூசி. ஜப்பானிய மருத்துவர் மிச்சியாகி தகஹாஷி 1974இலேயே இதை உருவாக்கிவிட்டார். அமெரிக்கா 1995 முதல் பிள்ளைகளுக்குப் போடுகிறது. பிரித்தானியாவும் 2026 ஜனவரியில் இலவசமாகத் தொடங்கிவிட்டது. இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை. ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் கிளினிக்கில் போடும் எம்.எம்.ஆர். ஊசி சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் உரியது, கொப்புளிப்பானைத் தடுக்காது. கொப்புளிப்பான் ஊசியைத் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும், அதுவும் இரண்டு முறை. பிள்ளை மடுவத்துப் பராமரிப்பாளருக்கும் தோட்டத்து மிட்வைஃபுக்கும் இந்த ஊசியைக் கம்பனி தன் செலவில் போடுவது பெரிய காரியமில்லை என்பது என் அபிப்பிராயம். தோட்டத் தலைவர்கள் அதைக் கேட்கலாம்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும்தான் காசு புரளும் என்றால், கல்யாணம் பேசியிருக்கும், இதுவரை அம்மை காணாத பெண்ணுக்குப் போடுங்கள். உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த ஊசி என்பதால் கர்ப்பத்தில் போடக் கூடாது. போட்டபின் ஒரு மாதமாவது கரு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே தாலி கட்டும் திகதிக்கு மூன்று மாதம் முன்பே முதல் ஊசியைப் போட்டுவிட்டால், நான்கு முதல் எட்டு வாரம் கழித்து இரண்டாவதும் முடிந்துவிடும்.